சாவி தொலைந்தால் சத்தம் போடும் மொழி எது? எச்மேக் கணக்கிட ஐந்து வழிகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பாசாரில், என் பெரியப்பா மகன் மளிகையும் பூசைச் சாமானும் விற்கும் கடை வைத்திருக்கிறார். பாயான் லெப்பாசில் என் வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்தக் கடையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். சென்ற தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணன் அழைத்தார். "தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா பேசினார். 84 வெள்ளி 50 காசு கட்டிவிட்டாராம். வங்கியிலும் கழிந்திருக்கிறது. நம் பட்டியலில் மட்டும் பணம் வரவில்லை என்று நிற்கிறது. என்னவென்று பார்."

அன்று மாலைக்குள் அப்படிப் பதினோரு ஆர்டர்கள் சேர்ந்துவிட்டன. தேங்காயும் கற்பூரமும் கட்டி வைத்தபடி கிடந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க இரவு ஒன்றரை மணி ஆனது. தவறு முழுக்க என்னுடையது. முந்தைய வாரம் தளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றினேன். இரகசியச் சாவி இருந்த கோப்பு கூடவே வரவில்லை. நிரல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லாத சாவியை வெற்றுச் சாவியாக எடுத்துக்கொண்டு ஒரு வாரமாக எச்மேக், அதாவது வந்த செய்தி உண்மையா என்று சரிபார்க்கும் குறி, கணக்கிட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரத்தில், பணம் கட்டியாகிவிட்டது என்று வந்த உண்மையான செய்திகள் மறுக்கப்பட்டன. அது வெளியே தெரிந்த பாதி. தெரியாத பாதியை நினைத்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. வெற்றுச் சாவியால் குறி போட்டு யாராவது ஒரு பொய்ச் செய்தி அனுப்பியிருந்தால், எங்கள் தளம் அதை மகிழ்ச்சியோடு ஏற்றிருக்கும். அதனால், எந்த மொழியில் இந்தக் கணக்கைச் செய்வது என்ற கேள்வியை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். கையில் ஐந்து வழிகள் இருந்தன: ஷெல், பேர்ல், நோட், பிஎச்பி, பைத்தான். வேகம், எழுதும் வசதி என்று தொடங்கிய ஒப்பீடு வேறோர் இடத்தில் போய் நின்றது.

குறி எதற்கு

வாடிக்கையாளர் மலேசியாவின் இணையக் கட்டண முறைகளான எஃப்பிஎக்ஸ் வழியாகவோ டுயிட்நவ் கியூஆர் வழியாகவோ பணம் கட்டுகிறார். கட்டி முடிந்ததும் கட்டண வாயில் நிறுவனம் எங்கள் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: இன்ன ஆர்டர், இன்ன தொகை, கட்டப்பட்டது. அந்தச் செய்தி வந்து சேரும் முகவரி இரகசியமன்று. அதைத் தெரிந்த எவரும் "1187ஆம் ஆர்டருக்குப் பணம் கட்டியாகிவிட்டது" என்று அனுப்பலாம். ஆகவே வாயில் நிறுவனம் செய்தியோடு 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியையும் சேர்த்து அனுப்புகிறது. செய்தியிலிருந்தும், எங்கள் இரு தரப்புக்கு மட்டும் தெரிந்த சாவியிலிருந்தும் பிறக்கும் குறி அது. நாங்களும் அதே சாவியால் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கிறோம்.

ஆவணங்கள் இதைக் 'கையொப்பம்' என்கின்றன. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. இதே ஊரில் பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) எழுதி அனுப்பிய காலத்தில், முகவரின் கையெழுத்து அந்த முகவருக்கே உரியது. எச்மேக் அப்படியன்று. சாவி இருவரிடமும் இருப்பதால், வாயில் நிறுவனத்தின் குறியை நானே உருவாக்கிவிட முடியும். செய்தி வழியில் திருத்தப்படவில்லை, வெளியாள் எழுதவில்லை என்று எனக்கு நானே உறுதி செய்துகொள்ள அது போதும். மூன்றாம் ஆள் முன்னால் "இதை அனுப்பியவர் நீங்கள்தான்" என்று நிறுவ அது உதவாது. அந்தத் தேவை உள்ளவர்கள் பொதுச் சாவி முறைக்குப் போக வேண்டும். இந்த ஒப்பீடு அவர்களுக்கானதன்று.

சாவியை முன்னால் ஒட்டினால் போதாதா?

மொழிகளுக்கு வருமுன் இதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் கடைக்கு முன்பு தளம் அமைத்துக் கொடுத்தவர் இப்படித்தான் செய்திருந்தார்: சாவியையும் செய்தியையும் ஒன்றாக ஒட்டி, அதற்கு எம்டி5 என்ற ஹாஷ் (எவ்வளவு நீளமான செய்தியையும் ஒரே நீளமுள்ள விடையாகச் சுருக்கும் கணக்கு) எடுத்திருந்தார். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாவி தெரியாதவர் அந்த விடையை எப்படி எடுப்பார் என்று தோன்றும்.

ஆனால் எம்டி5, ஷா-1, ஷா-256 போன்ற ஹாஷ்கள் செய்தியைத் துண்டு துண்டாக விழுங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தம் உள்நிலையை மாற்றிக்கொண்டே போகின்றன. கடைசி உள்நிலையையே விடையாக வெளியே தருகின்றன. ஆகவே விடையைப் பார்த்தவர், கணக்கு நின்ற இடத்திலிருந்து அதைத் தொடரலாம். சாவி தெரிய வேண்டியதில்லை. அதன் நீளத்தை ஊகித்தால் போதும். பழைய செய்தியின் வாலில் புதிய துண்டை ஒட்டி, அதற்கும் சரியான குறியை அவரால் எடுத்துவிட முடியும். 2009இல் தாய் டுவாங், ஜூலியானோ ரிஸ்ஸோ என்ற இரு ஆய்வாளர்கள் ஃப்ளிக்கர் தளத்தின் நிரல் இடைமுகத்தில் இதே ஓட்டையைக் காட்டினார்கள். அங்கேயும் இரகசியத்தை முன்னால் ஒட்டி எம்டி5 எடுத்திருந்தார்கள்.

எச்மேக் இதற்கு வைத்த தீர்வு எளிமையானது. மிஹிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹூகோ கிராவ்சிக் ஆகிய மூவர் 1996இல் இதை முன்வைத்தார்கள். 1997 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2104 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. சாவியை ஹாஷின் துண்டு அளவுக்கு, ஷா-256க்கு 64 பைட், பூச்சியங்களால் நிரப்பு. ஒவ்வொரு பைட்டையும் 54 என்ற எண்ணோடு எக்ஸ்-ஆர் (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறானால் 1, ஒன்றானால் 0) செய்து, செய்திக்கு முன்னால் வைத்து ஒரு ஹாஷ் எடு. பிறகு அதே சாவியை 92 என்ற எண்ணோடு எக்ஸ்-ஆர் செய்து, முதல் விடைக்கு முன்னால் வைத்து இன்னொரு ஹாஷ் எடு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளி ஹாஷ் உள்நிலையை மூடிவிடுவதால் வாலில் ஒட்ட வழியில்லை.

இந்த அமைப்பின் உறுதியைப் பாருங்கள்: 2004இல் எம்டி5க்கு மோதல்கள் (ஒரே விடை தரும் இரு வேறு செய்திகள்) கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், அதை உள்ளே வைத்த எச்மேக் அந்தத் தாக்குதலால் விழவில்லை. ஆனாலும் புதிதாக எழுதும் எதற்கும் எம்டி5 வேண்டாம். ஷா-256 எல்லா மொழியிலும் இருக்கும்போது அதைத் தேடிப் போக ஒரு காரணமும் இல்லை.

எச்மேக்குக்கு மாற்றுகளான பிளேக்2, கேமேக் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாக. பிளேக்2 சாவியைத் தன்னுள்ளேயே ஏற்கும், வேகமானது, பைத்தானில் 3.6 முதல் கூடவே வருகிறது. கேமேக், ஷா-3 குடும்பத்தின் மேல் அமைந்தது. 2016இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்டது. இரண்டும் நல்லவை. ஆனால் எதிர்த் தரப்பு எச்மேக் ஷா-256 பேசும்போது நான் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து யாரோடு பேசுவது? பாலி1305 என்ற இன்னொரு குறி முறையின் பெயரைக் கண்டு மயங்குபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதன் சாவி ஒரே ஒரு செய்திக்கு உரியது. இரண்டாம் செய்திக்கும் அதே சாவியைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு போய்விடும். எச்மேக்கின் இடத்தில் அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

ஐந்து மொழிகள்

முதலில் ஷெல், அதாவது லினக்ஸின் கட்டளை வரி. ஓபன்எஸ்எஸ்எல் கட்டளை ஏறக்குறைய எந்த லினக்ஸ் சர்வரிலும் இருக்கும். ஒரே வரியில் விடை வந்துவிடும். அன்றைய செய்திகளை இரவில் மறுபடி சரிபார்க்கும் கணக்குக்கு இதைத்தான் நான் வைத்திருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன்; காரணங்கள் பல. கட்டளை வரியில் சாவியை எழுதினால், அந்த நொடியில் அதே சர்வரில் செயல்களின் பட்டியலைப் பார்ப்பவர் எவருக்கும் அது தெரியலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் இது சிறிய விஷயமன்று. 'எக்கோ' கட்டளை செய்தியின் கடைசியில் ஒரு வரிமுறிப்பைச் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பைட்டால் குறி முழுவதும் மாறிப்போகும். அதற்குப் பதிலாக 'பிரிண்ட்எஃப்' எழுத வேண்டும். பாஷ் மாறிகளில் பூச்சிய பைட் நிற்காது. ஆகவே இரும வடிவச் சாவியை மாறியில் வைக்கவே முடியாது. விடைக்கு முன்னால் அச்சாகும் முன்னொட்டு ஓபன்எஸ்எஸ்எல் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், அதை வெட்டி எடுக்கும் வரி ஒருநாள் திடீரென்று பொய்யாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவி இருக்க வேண்டிய மாறி இல்லாமல் போனால் ஷெல் அதை வெற்றுச் சொல்லாக (ஓர் எழுத்தும் இல்லாத எழுத்துச் சரமாக) எடுத்துக்கொண்டு மேலே போகும். 'செட் -யூ' எழுதினால்தான் நிற்கும். ஷெல்லை இப்போது ஒன்றுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: வேறு மொழியில் வந்த விடை சரியா என்று, பொய்ச் சாவியால் ஒத்துப் பார்ப்பதற்கு.

பேர்லில் எழுதிய பழைய நிரல் ஒன்றும் கடையில் இருந்தது. அதன் 'டைஜெஸ்ட் ஷா' தொகுதி நம்பகமானது, 5.10 பதிப்பு முதல் மொழியோடு கூடவே வருகிறது. தமிழ் எழுத்தை பைட்டாக மாற்றாமல் கொடுத்தால் 'அகல எழுத்து' என்று சொல்லி நின்றுவிடும்; இது பாராட்ட வேண்டிய குணம். ஆனால் பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் பேஸ்64 வடிவில் விடை கேட்டால், கடைசியில் வர வேண்டிய சமக்குறியைச் சேர்க்காது. எதிர்த் தரப்பு சேர்த்து அனுப்பும்போது இரண்டும் ஒன்றாக இருந்தும் வேறாகத் தெரியும். பேர்லை நான் கைவிட்டதற்கு அதன் குறை காரணமன்று. அண்ணன் மகள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வருகிறாள். எனக்குப் பிறகு இதைப் பார்க்கப்போவது அவள். அவளுக்கு பேர்ல் தெரியாது. கற்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு மனமில்லை.

நோட் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) பற்றி இரண்டே விஷயங்கள். சாவி இல்லாமல் அழைத்தால் அது பிழை எறிந்து நின்றுவிடும், நல்லது. ஆனால் சாவியை வார்ப்புச் சொல்லுக்குள் (மாறிகளின் மதிப்பை இடையில் நிரப்பும் எழுத்துச் சரம்) வைத்து எழுதும் பழக்கம் உள்ளவர்களிடம், இல்லாத சாவி 'அன்டிஃபைன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லாகவே மாறிவிடும். அந்தச் சொல்லைச் சாவியாகக் கொண்டு கணக்கு நடக்கும். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாவி அது. ரூபி என்ற மொழியில் எங்கள் கடைக்கு ஒன்றும் இல்லாததால் அதைத் தொடவில்லை.

இனி பிஎச்பி. எங்கள் தளம் ஓடுவது இதில்தான். அன்று இரவு என்னைக் கைவிட்டதும் இதுதான். 'ஹாஷ்_எச்மேக்' என்ற செயற்கூறு 5.1.2 பதிப்பு முதல் இருக்கிறது. 7.4 முதல் எந்த நிறுவலிலும் அதை நீக்க முடியாது. ஆகவே பகிர்வு சர்வரில்கூட, கூடுதலாக எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பிஎச்பியில் சொல் என்பது பைட் வரிசைதான். வந்த செய்தியை அது தானாக மாற்றாது. இந்த இரண்டும் பெரிய வசதிகள்.

நடந்தது என்னவென்றால், சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே சர்வரில் வைக்கும் மதிப்பு) சாவியை எடுக்கும் 'கெட்என்வ்', மாறி இல்லாதபோது 'பொய்' (ஃபால்ஸ்) என்ற மதிப்பைத் தருகிறது. பிஎச்பி அந்தப் பொய்யை ஓசையின்றி வெற்றுச் சொல்லாக மாற்றி, 'ஹாஷ்_எச்மேக்'கிடம் கொடுக்கிறது. 64 எழுத்து விடை வருகிறது. அது வெற்றுச் சாவியின் விடை என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இல்லை. கோப்பின் முதல் வரியில் 'ஸ்டிரிக்ட்_டைப்ஸ்' என்ற அறிவிப்பைப் போட்டிருந்தால், பொய்யைச் சொல்லாக ஏற்க முடியாது என்று அங்கேயே நின்றிருக்கும். ஒரே வரி. அதை நான் எழுதவில்லை.

பழைய பதிப்புகளில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருந்தது. செய்தியின் இடத்தில் சொல்லுக்குப் பதிலாக ஒரு பட்டியல் வந்தால், பிஎச்பி 7 வரை 'ஹாஷ்_எச்மேக்' ஓர் எச்சரிக்கையோடு, ஒன்றுமில்லை என்று பொருள்படும் 'நல்' (null) மதிப்பைத் திருப்பித் தந்தது. அந்த விடையையே அடுத்த கணக்குக்குச் சாவியாக வைத்திருந்தவர்கள், தாக்குபவர் கையில் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். பிஎச்பி 8 பிழை எறிந்து நிற்கிறது. உங்கள் சர்வர் இன்னும் 7இல் இருந்தால், மொழியை மாற்றுவது பற்றி யோசிக்குமுன் பதிப்பை மாற்றுங்கள்.

பைத்தானின் 'எச்மேக்' தொகுதி 2.2 காலத்திலிருந்தே உடன் வருவது. அதன் குணம் வேறு. சாவியின் இடத்தில் ஒன்றுமில்லை என்றால் பிழை. சாவியாகச் சொல்லைக் கொடுத்தாலும் பிழை. பைட்டாக மாற்றிக் கொடு என்கிறது. எந்த ஹாஷ் என்று சொல்லாவிட்டாலும் 3.8 முதல் பிழை. அதற்கு முன்பு, சொல்லாவிட்டால் எம்டி5 என்று எடுத்துக்கொண்டது. சூழல் மாறியைச் சதுர அடைப்பில் பெயர் சொல்லி எடுத்தால், அது இல்லாதபோது அங்கேயே நின்றுவிடும். தொடக்கத்தில் இது எரிச்சலாக இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் என்னை நிறுத்தி, "எந்த பைட்? எந்த ஹாஷ்? சாவி எங்கே?" என்று கேட்டது. தைப்பூச வாரத்துக்குப் பிறகு, அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றையும் நான் மதிக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மாறி இருந்து, அதன் மதிப்பு காலியாக இருந்தால் பைத்தானும் பேசாமல் கணக்கிடும். நீளத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

மொழி மாறும்போது வரிசையும் மாறுகிறது என்பதை மறக்க வேண்டாம். பைத்தானில் சாவி முதலில், செய்தி பிறகு. பிஎச்பியில் ஹாஷின் பெயர், செய்தி, சாவி. பேர்லில் செய்தி, சாவி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுப்பவர் சாவியையும் செய்தியையும் இடம் மாற்றிவிட்டால் இரண்டு மொழியும் ஒன்றும் சொல்லாது, இரண்டுமே சொற்கள்தானே. ஆகவே ஆர்எஃப்சி 4231இல் உள்ள சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். முதல் சோதனையில் சாவி 20 பைட், ஒவ்வொன்றும் 11; ஷா-256 விடை 'பி0344சி61' என்று தொடங்க வேண்டும். ஆறாவதில் சாவி 131 பைட். துண்டு அளவை மீறிய சாவியை முதலில் ஹாஷ் செய்து சுருக்க வேண்டும் என்ற விதியை அது சோதிக்கிறது. எச்மேக்கைத் தாமே எழுத முயல்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் விதி அது.

எந்த பைட்டுகள்?

தமிழில் கடை நடத்துபவர்களுக்கு இந்தப் பகுதி மற்றெல்லாவற்றையும்விட முக்கியம்.

எங்கள் பட்டியலில் 'கொண்டைக்கடலை' இருக்கிறது. அதன் முதல் எழுத்து 'கொ'. யுனிகோடில் அதை இரண்டு வகையாக எழுதலாம்: 'க' என்ற எழுத்தும், ஒற்றைக் குறியீடாக உள்ள ஒகரக் குறியும், அல்லது 'க', அதன் பின் எகரக் கொம்பு, அதன் பின் கால். திரையில் இரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் ஆகையால், முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். எச்மேக் கண்ணால் பார்ப்பதில்லை. பைட்டை மட்டும் பார்க்கிறது. வழியில் ஏதோ ஒரு நிரல் இதை அதுவாக மாற்றினால், குறி பொருந்தாது. நீங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

ஜேசான் வடிவச் செய்தியைப் பிரித்து, மறுபடி கட்டி, அதற்குக் குறி எடுப்பவர்களுக்கும் இதே விதி. பைத்தான் மறுபடி கட்டும்போது காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடுகிறது; பிஎச்பி விடுவதில்லை. பிஎச்பி சாய்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்க்கிறது, பைத்தான் சேர்ப்பதில்லை. பொருள் ஒன்று, பைட் வேறு. ஆகவே, வந்த செய்தியைப் பிரிக்குமுன், வந்தபடியே எடுத்துக் குறியைச் சரிபாருங்கள். பிஎச்பியில் உள்ளீட்டு ஓடையை நேரடியாகப் படித்தால் அது கிடைக்கும். நோட்டில் பல கட்டமைப்புகள் நமக்குத் தருமுன்பே பிரித்துவிடுவதால், மூல பைட்டுகளைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

சாவிக்கும் இந்தக் கேள்வி உண்டு. வாயில் நிறுவனம் 64 எழுத்துச் சாவி ஒன்றைத் தந்தது. அந்த 64 எழுத்தையும் அப்படியே சாவியாக வைப்பதா, பதினாறடிமான எண்ணாக எடுத்து 32 பைட் ஆக்குவதா? இரண்டும் செல்லும், இரண்டும் வேறு விடை தரும். ஆவணத்தில் தெளிவில்லை. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டேன்; ஊகித்து முயன்று பார்ப்பதைவிட அது குறைந்த நேரம் எடுத்தது.

கடைசிப் படி ஒப்பிடுதல். சாதாரண சமக்குறி முதல் வேறுபாட்டைக் கண்டதும் நின்றுவிடும். எத்தனை எழுத்து வரை பொருந்தியது என்பது அது எடுத்துக்கொண்ட நேரத்தில் கசிகிறது. 2009இல் கூகுளின் கீசார் என்ற குறியாக்க நிரல் நூலகத்தின் பைத்தான் பகுதியில் இந்தக் குறையை நேட் லாசன் சுட்டிக்காட்டினார். இணையத்தின் குறுக்கே அந்த நுண்ணிய நேரத்தை அளப்பது கடினம். ஆனால் சரியாகச் செய்வதற்கு ஆகும் செலவு ஒரு செயற்கூறின் பெயர்தான். பைத்தானில் 'கம்பேர்_டைஜெஸ்ட்', பிஎச்பியில் 5.6 முதல் 'ஹாஷ்_ஈக்வல்ஸ்', நோட்டில் 'டைமிங்சேஃப்ஈக்வல்'. நோட்டில் நீளம் வேறானால் பிழை எறியும் என்பதால் முதலில் நீளத்தைப் பாருங்கள். பிஎச்பியின் இரட்டைச் சமக்குறியில் இன்னொரு குழியும் உண்டு: பூச்சியமும் 'இ' எழுத்தும், பின்னால் எண்களும் மட்டும் கொண்ட இரு வேறு சொற்களை அது எண்களாக எடுத்து, இரண்டும் பூச்சியம், ஆகவே சமம் என்றுவிடும். முழு நீள ஷா-256 குறியில் அப்படி அமைவது மிக அரிது. வெட்டிச் சுருக்கிய குறியில் அவ்வளவு அரிதன்று. ஷெல்லில் நேரம் கசியாத ஒப்பீடு கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், அப்போதே எடுத்த தற்செயல் சாவியால் இரண்டு குறிகளுக்கும் மறுபடி எச்மேக் எடுத்து அவற்றை ஒப்பிடலாம். வேலை செய்யும். ஆனால் அவ்வளவு தூரம் போவதைவிட ஷெல்லை விட்டுவிடலாம்.

நாங்கள் எடுத்த முடிவு

அண்ணனிடம் இதையெல்லாம் ஒரு மாலை, கடை சாத்திய பிறகு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கு ஒன்று சொல். மறுபடி சாவி தொலைந்தால் நமக்கு உடனே தெரியுமா?" என்றார். என் ஒப்பீட்டில் நான் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை மட்டும் வைத்தால் பைத்தான்தான் முதலில் வருகிறது. ஆனால் செய்தி வந்து விழும் இடம் பிஎச்பி தளம். அங்கே வாங்கி, பைத்தானிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம் என்று ஒரு வாரம் சோதித்தேன். சாவி பகிர்வு சர்வரில் இல்லாமல் தனியாக இருக்கும் என்பது நல்ல ஆதாயம். ஆனால் நடுவில் இன்னொரு கண்ணி சேர்கிறது. அது நின்றுபோனால் பணம் கட்டிய அம்மா மறுபடி காத்திருப்பார். நாளுக்குச் சில டசன் ஆர்டர்கள் வரும் கடைக்கு அந்தக் கண்ணி தேவையில்லை என்று முடிவு செய்தேன். ஆர்டர்கள் பெருகி, தனி சர்வர் எடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அந்த வழியையே சொல்வேன்.

ஆகவே தளத்தில் சரிபார்ப்பது பிஎச்பி. ஆனால் அதன் மௌனத்தை நாங்களே உடைத்துவிட்டோம். கண்டிப்பான வகை அறிவிப்பு முதல் வரியில் இருக்கிறது. சாவி 64 எழுத்துக்குக் குறைந்தால் தளம் செய்தியை ஏற்காமல் நின்று, அண்ணனின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்புகிறது. வந்த பைட்டுகள் வந்தபடியே சரிபார்க்கப்படுகின்றன; ஒப்பிடுவது 'ஹாஷ்_ஈக்வல்ஸ்'. குறி சரியாக இருந்தாலும், ஏற்கெனவே கட்டியதாகப் பதிவான ஆர்டருக்கு அதே செய்தி மறுபடி வந்தால் தள்ளிவிடுகிறது. பழைய செய்தியைத் திருப்பி அனுப்புவதை எச்மேக் தடுக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும். தொகையும் ஆர்டரின் தொகையோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது.

இரவுக் கணக்கைப் பைத்தானுக்கு மாற்றிவிட்டோம். அன்றைய செய்திகள் அனைத்தையும் அது தனியாக, தன் கையில் உள்ள சாவியால் மறுபடி சரிபார்க்கிறது. பிஎச்பியும் பைத்தானும் முரண்பட்டால் காலையில் எங்களுக்குத் தெரியும். ஷெல்லில் இருந்ததும் பேர்லில் இருந்ததும் அழிக்கப்பட்டன. பழைய சாவி அவற்றில் கிடந்ததால், புதுச் சாவி எடுத்தோம். மாற்றிய மூன்று நாள்களுக்குப் பழையதையும் புதியதையும் இரண்டையும் ஏற்று, பிறகு பழையதை நீக்கினோம். இல்லையென்றால் வழியில் இருந்த செய்திகள் மாட்டிக்கொண்டிருக்கும்.

அண்ணன் மகள் பைத்தானில் இன்னொரு சிறு நிரல் எழுதியிருக்கிறாள். காலையில் கடைக் கதவைத் தூக்குமுன் அதை ஓட்டுகிறாள். அது எங்கள் தளத்துக்கு மூன்று பொய்ச் செய்திகளை அனுப்புகிறது: ஒன்று தவறான சாவியால் குறியிட்டது, ஒன்று வெற்றுச் சாவியால் குறியிட்டது, ஒன்று குறியே இல்லாதது. மூன்றுக்கும் 'மறுக்கப்பட்டது' என்று வர வேண்டும். வந்த பிறகே பசியாறப் போகிறாள்.